ஜூலு போர்ச் சிப்பாயின் பணிப் பதிவேடு கிடைக்கவில்லை: அவர் போரில் இருந்தார் என்பதே பொய்யா?

உஸ்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஆவணங்களைத் தேடிப் பழகியவர்கள் சிலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நான் வேல்ஸில் பிரெக்கன் ஊருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1879ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஜூலு அரசுக்கு எதிராகப் பிரிட்டன் நடத்திய ஜூலு போரில் 24ஆம் ரெஜிமெண்டின் சிப்பாயாக இருந்தார் என்று அந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வெள்ளிப் பதக்கம் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் புதருக்கு முன்னால் குனிந்து நிற்கும் சிங்கம். பதக்கத்துக்கு மேலே '1879' என்று எழுதிய சிறிய பட்டை. விளிம்பில் '25 பி' என்று தொடங்கும் ஓர் எண், அடுத்து பெயர், அடுத்து 24ஆம் ரெஜிமெண்டின் 2ஆம் பட்டாலியன் என்ற குறிப்பு. பெயரையும் முழு எண்ணையும் நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

ஜூலு நாட்டு எல்லையில் இருந்த ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற சிறிய பிரிட்டிஷ் முகாமில் நடந்த சண்டையில் அவர் இருந்தார் என்றுதான் பெரியவர் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறார். கணினியில் தேடித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார். கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் சிப்பாய்ப் பதிவேடுகள் இணையத்தில் இருப்பதால், டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில் (டபிள்யூ.ஓ. என்றால் வார் ஆஃபீஸ், அதாவது போர்த்துறை) அவர் பெயரைப் போட்டுத் தேடினேன். பெயர் வரவில்லை. பிறந்த ஊர், வயது எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் போட்டும் அவர் கிடைக்கவில்லை. இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், "அப்படியென்றால் பதக்கத்தை யாரோ கடையில் வாங்கியிருப்பார்கள், கிழவர் கதை கட்டிவிட்டார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியவர் அந்தப் பதக்கத்தை வெளியே எடுப்பதே இல்லை. எனக்கு அது மனதை அறுக்கிறது.

குடும்பத்துக்குத் தெரிந்த விவரம் இவ்வளவுதான்: வேல்ஸின் மன்மத்ஷையர் மாவட்டத்தில் 1850களின் கடைசியில் பிறந்தார். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். 1880களின் நடுவில் திருமணம். முதல் உலகப் போர் தொடங்கும் முன்பே இறந்துவிட்டார். பென்ஷன் வாங்கியதாக யாரும் சொன்னதில்லை.

பதிவேடு இல்லை என்றால் அவர் சிப்பாயே இல்லை என்று முடிவு செய்யலாமா? வேறு எங்கே தேடுவது?


பொன்மலைக் கணக்கர் எழுதியது:

அம்மா, முதலில் எதிர்வீட்டுக்குப் போய்ப் பெரியவரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். டபிள்யூ.ஓ. 97இல் பெயர் இல்லை என்பதை வைத்து ஒரு மனிதனைப் பொய்யன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உறவினர் சொன்னது அவசரப் பேச்சு.

நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஊதியக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மகள் வீட்டோடு லண்டனுக்கு வந்த பிறகு கியூ காப்பகத்தில்தான் என் பொழுது போகிறது. இந்தத் தாள்களைக் கணக்குப் பிரிவில் இருந்தவனின் கண்ணோடுதான் படிக்கிறேன். ஒரு தாள் கையில் வந்தால், எந்தச் செலவுக்குக் கணக்குக் காட்ட இதை எழுதினார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது தெரிந்துவிட்டால் அந்தத் தாளில் யார் இருப்பார்கள், யார் இருக்கமாட்டார்கள் என்பது தானாக விளங்கிவிடும்.

டபிள்யூ.ஓ. 97 என்ன? செல்சி ராயல் மருத்துவமனை என்ற நிறுவனம்தான் ஓய்வுபெற்ற சிப்பாய்களின் பென்ஷனைக் கவனித்தது. ஒருவருக்குப் பென்ஷன் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய அவருடைய பணி விவரங்களைக் கேட்டு வாங்கினார்கள். அந்தத் தாள்களின் குவியல்தான் இந்த வரிசை. 1883க்கு முன்பு படையை விட்டு வெளியேறியவர்களில் பென்ஷன் பெற்றவர்களின் தாள்கள் மட்டுமே இதில் உண்டு. சண்டையில் செத்தவனுக்குப் பென்ஷன் இல்லை, ஆகவே தாளும் இல்லை. காய்ச்சலில் செத்தவன், ஓடிப்போனவன், பணம் கட்டி விடுதலை வாங்கிக்கொண்டவன், யாருக்கும் இல்லை. 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் தரப்பில் 1,300க்கும் மேற்பட்டோர் ஒரே பகலில் மடிந்தார்கள். 24ஆம் ரெஜிமெண்டின் 1ஆம் பட்டாலியனில் அங்கிருந்த கம்பெனிகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. அந்தச் சிப்பாய்களின் பெயரை டபிள்யூ.ஓ. 97இல் தேடினால் கிடைக்காது. அவர்கள் போரில் இல்லை என்று உங்கள் உறவினர் சொல்வாரா?

1883க்குப் பிறகு நிலைமை மாறியது. பென்ஷன் இல்லாமல் ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவர்களின் தாள்களும் சேரத் தொடங்கின. உங்கள் ஆளுக்கு இது முக்கியம். 1870இல் கார்ட்வெல் என்ற போர்த்துறை அமைச்சர் குறுகிய காலச் சேவையைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டு ஒப்பந்தம், அதில் பெரும்பாலான காலாட்படைச் சிப்பாய்களுக்கு ஆறு ஆண்டு படையில், மீதி ஆறு ஆண்டு ரிசர்வில். இருபத்தோரு ஆண்டு உழைத்தால்தான் முழுப் பென்ஷன். ஆறு ஆண்டில் வெளியே வந்தவனுக்குக் கையில் கிடைத்தது, நாளுக்கு இரண்டு பென்ஸ் வீதம் பிடித்துவைத்த தொகை. கணக்குப் போட்டால் ஆறு ஆண்டுக்குச் சுமார் 18 பவுண்டு. உங்கள் பெரியவர் வீட்டில் பென்ஷன் பற்றி யாரும் பேசாததற்குக் காரணம் இதுவாகவே இருக்கும்.

இனி பதக்கத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் சுவையான பகுதி. '25 பி' என்பது 25ஆம் பிரிகேட் டிப்போவின், அதாவது ஆள் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் தளத்தின், அடையாளம். 1873இல் ரெஜிமெண்டுகளை ஊரோடு கட்டிப்போட்டபோது 24ஆம் ரெஜிமெண்டுக்குக் கிடைத்த டிப்போ உங்கள் பிரெக்கன்தான். ஆக, உங்கள் பெரியவரின் கொள்ளுத்தாத்தா அந்த ஏற்பாடு வந்த பிறகு சேர்ந்து அந்த எண்ணைப் பெற்றவர். 1881இல்தான் இந்த ரெஜிமெண்டுக்குச் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்ற பெயர் வந்தது. அதற்கு முன் அதன் பெயரில் இருந்தது வேல்ஸ் அல்ல, இங்கிலாந்தின் வாரிக்ஷையர். ரெஜிமெண்டில் எல்லாரும் வேல்ஸ்காரர்கள் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது.

அடுத்து '1879' பட்டை. இதைச் சொல்லும்போது பெரியவருக்குச் சற்று வருத்தமாக இருக்கலாம், ஆனாலும் மறைக்கக்கூடாது. 2ஆம் பட்டாலியன் 1878 தொடக்கத்திலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. கேப் எல்லைப் போரில் சண்டையிட்டுவிட்டுத்தான் ஜூலு நாட்டை ஒட்டிய பிரிட்டிஷ் குடியேற்றமான நேட்டாலுக்கு வந்தது. ரோர்க்ஸ் டிரிஃப்டைக் காத்த 'பி' கம்பெனியும் அப்படி வந்ததே. இரண்டு போரிலும் இருந்தவர்களுக்குக் கொடுத்த பட்டையில் '1877-8-9' என்று இருக்கும். வெறும் '1879' என்றால், அவர் 1879இல்தான் களத்துக்கு வந்திருக்கிறார் என்று பொதுவாகக் கொள்ளலாம். இசாண்டில்வானாவின் செய்தி லண்டனுக்குப் போனதும் அவசர அவசரமாகக் கப்பலேற்றி அனுப்பிய ஆட்களில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த அவசரம் எப்படிப்பட்டது தெரியுமா? 1ஆம் பட்டாலியனுக்கு மாற்று ஆட்களை ஏற்றிச்சென்ற 'கிளைடு' என்ற கப்பல் 1879 ஏப்ரல் 3 அன்று கேப் கரையில் டயர் தீவுக்கு அருகே பாறையில் மோதி மூழ்கியது. நல்லவேளையாக ஒருவரும் சாகவில்லை. வேறு கப்பலில் ஏறிப் போய்ச் சேர்ந்தார்கள்.

ரோர்க்ஸ் டிரிஃப்டில் யார் யார் இருந்தார்கள் என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. அங்கே தலைமை தாங்கிய லெப்டினன்ட் சார்டு சண்டை முடிந்த சில நாட்களிலேயே தயாரித்தது ஒன்று. 'பி' கம்பெனியின் கலர் சார்ஜன்ட் ஃபிராங்க் போர்ன் 1910இல் தயாரித்தது மற்றொன்று. போர்ன் 1945 மே 8 அன்று, ஐரோப்பாவில் போர் முடிந்த நாளில் இறந்தவர். காத்து நின்றவர்கள் சுமார் 150 பேர்தான். பிரிட்டனில் அந்த இடத்தில் தன் முன்னோர் இருந்ததாகச் சொல்லும் குடும்பங்களோ அதைவிடப் பல மடங்கு. வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் பதக்கமான விக்டோரியா கிராஸ் பதினொன்று அந்த ஒரு இரவுக்குக் கிடைத்ததால் அதன் புகழ் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 24ஆம் ரெஜிமெண்டில் இருந்த ஒவ்வொரு தாத்தாவையும் பேரப்பிள்ளைகள் அந்தச் சுவருக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். தாத்தா அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. "ஜூலு போரில் இருந்தேன், 24ஆம் ரெஜிமெண்ட்" என்று அவர் சொல்லியிருப்பார். மீதியைக் கேட்டவர்கள் நிரப்பியிருப்பார்கள்.

அங்கே இல்லாததால் அவருடைய பணி சிறியதாகிவிடாது. இசாண்டில்வானாவில் இறந்த 24ஆம் ரெஜிமெண்டுக்காரர்களின் உடல்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் கிடந்தன. மே மாதம் அங்கே போன குதிரைப்படை மற்றவர்களில் பலரைப் புதைத்தது. தம் ஆட்களைத் தாமே புதைக்க விரும்பியது 24ஆம் ரெஜிமெண்ட். ஜூன் மாதத்தில் 2ஆம் பட்டாலியனின் பிளாக் என்ற அதிகாரி தலைமையில் ஆட்கள் போய் அந்த வேலையைச் செய்தார்கள். உங்கள் ஆள் அந்தக் குழுவில் இருந்தாரா என்று எனக்குச் சொல்ல முடியாது. ஆனால் பட்டாலியன் அந்த மாதங்களில் செய்த வேலை இப்படிப்பட்டது என்று பெரியவருக்குத் தெரியட்டும்.

எங்கே தேடுவது? முதலில் டபிள்யூ.ஓ. 100, பதக்கப் பட்டியல். ரெஜிமெண்ட் வாரியாக எண், பெயர், எந்தப் பட்டை என்று எழுதியிருக்கும். இணையத்தில் உண்டு. கட்டணத் தளம்தான், ஆனால் சில ஊர் நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம். உங்களிடம் உள்ள எண்ணும் அதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால், கடையில் வாங்கிய கதை அங்கேயே முடிந்தது.

அடுத்தது டபிள்யூ.ஓ. 16. இதன் முன்வரிசை டபிள்யூ.ஓ. 12. ஊதியப் பட்டியல்கள் இவை. என் கட்சி எப்போதும் இவற்றின் பக்கம்தான். சிப்பாய்க்கு நாளுக்கு ஒரு ஷில்லிங். அந்த ஷில்லிங்குக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் ஒருவர் மருத்துவமனையில் இருந்தாரா, கப்பலில் இருந்தாரா, காவலில் அடைபட்டிருந்தாரா என்று காலாண்டுக்குக் காலாண்டு பெயர் சொல்லி எழுதினார்கள். நற்சான்றுப் பட்டை பெற்றவனுக்கு நாளுக்கு ஒரு பென்னி கூடுதல், குடித்துவிட்டுச் சண்டை போட்டால் அதுவும் போய்விடும். எல்லாம் அதில் தெரியும். புகழுக்காக யாரும் ஊதியப் பட்டியல் எழுதுவதில்லை. தணிக்கைக்காரர் வந்து கேட்பார் என்ற பயத்தில் எழுதுகிறார்கள். அதனால்தான் நான் அதை நம்புகிறேன். இவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இல்லை, நேரில்தான் போக வேண்டும்.

கடைசியாக, பெயர். 1883க்குப் பிறகு வெளியேறியிருந்தால் அவருடைய தாள் டபிள்யூ.ஓ. 97இல் இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் வேறு பெயரில் சேர்ந்தாரா என்று கேளுங்கள். வீட்டுக்குத் தெரியாமல், கடனிலிருந்து தப்பி, வயதைக் கூட்டிச் சொல்லி, எத்தனையோ பேர் மாற்றுப் பெயரில் சேர்ந்தார்கள். ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜான் வில்லியம்ஸ் என்பவரின் உண்மைப் பெயர் ஜான் ஃபீல்டிங். அபர்கவெனிக்காரர், உங்கள் பக்கத்து ஊர். அவருக்கே அப்படி என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்? தலைகீழாகவும் நடக்கும்: பதக்கத்தில் உள்ளது படைப் பெயராகவும், குடும்பம் பிடித்துக்கொண்டது அதே பெயராகவும், வெளியேறும்போது எழுதிக்கொடுத்தது இயற்பெயராகவும் இருக்கலாம். பெயரே பொதுவானது என்றால் எண்ணை விடாதீர்கள். அதே இரவில் விக்டோரியா கிராஸ் பெற்றவர்களில் இரண்டு ஜோன்ஸ்கள்: 716 ராபர்ட், 593 வில்லியம். எண்தான் அவர்களைப் பிரிக்கிறது.


தேம்ஸ் வடகரை எழுதியது:

கணக்கர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெரியவரின் குடும்பத்துக்கு இது பொருந்தாது, ஆனால் இந்தப் பக்கத்தைப் பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

நான் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள போயர் போர் நினைவுச்சின்னத்தில் பெயர் உள்ளவர்களையும், அவர்களோடு போய்த் திரும்பி வந்தவர்களையும் பற்றி மாணவர்களோடு தேடினோம். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த போயர் குடியேறிகளோடு 1899 முதல் 1902 வரை நடந்த அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் ஏறக்குறைய 22,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கிக்குப் பலியாகவில்லை, டைபாய்டு உள்ளிட்ட நோய்களில் போனார்கள். புளூம்ஃபொன்டைன் மருத்துவமனைகளின் பெயர் மறுபடி மறுபடி வந்தபோது மாணவர்களுக்கே அது விளங்கியது.

திரும்பி வந்தவர்களில் சிலருக்குத் தாளே இல்லை. காரணம், அவர்கள் 1914இல் மீண்டும் படையில் சேர்ந்தவர்கள். மறுபடி சேர்ந்தவரின் பழைய தாள்களைப் புதிய கோப்போடு சேர்த்துவிடுவது வழக்கம். 1940 செப்டம்பரில் ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர்த்துறைக் கிடங்கு எரிந்தபோது முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் சுமார் 60 சதவீதம் அழிந்தது. அவற்றோடு ஆப்பிரிக்காவின் தாள்களும் போயின. தப்பியவை கருகிய விளிம்போடு டபிள்யூ.ஓ. 363இல் இருக்கின்றன. ஆகவே போயர் போர்ச் சிப்பாயைத் தேடுபவர்கள் 1914க்குப் பிறகான வரிசைகளையும் பார்த்துவிட வேண்டும். பதக்கப் பட்டியல் தப்பியிருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் 1880-81இல் நடந்த முதல் போயர் போருக்கு அந்த வழியும் கிடையாது. மஜூபா மலையில் தோற்ற அந்தப் போருக்கு அரசு பதக்கமே வெளியிடவில்லை. பதக்கம் இல்லாததால் பட்டியலும் இல்லை. தன் முப்பாட்டன் மஜூபாவில் இருந்தார் என்று சொல்லும் குடும்பம் ஊதியப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.


டர்பன்வாசி எழுதியது:

இந்த இழையை டர்பனிலிருந்து படிக்கிறேன். என் முன்னோர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் நேட்டாலுக்கு வந்தவர்கள். நீங்கள் பேசும் இடங்கள் எங்கள் மாகாணத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் கொடிக்குக் கீழே இறந்தவர்கள் எல்லாரும் வெள்ளையர் அல்லர். நேட்டால் உள்நாட்டுப் படை என்று ஆப்பிரிக்கர்களைச் சேர்த்து ஒன்றை 1878 கடைசியில் அமைத்தார்கள். பத்தில் ஒருவருக்குத்தான் துப்பாக்கி கொடுத்தார்கள். சீருடைக்குப் பதில் தலையில் கட்ட ஒரு சிவப்புத் துணி. அன்று அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. அவர்களுக்குக் கீழே ஈட்டியோடு நின்ற ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் வெறும் தொகையாகத்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள். உஸ்க்கரை அக்காவின் பெரியவர் ஒரு தாள் இல்லையே என்று வருந்துகிறார், அந்த வருத்தம் நியாயமானது. அந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் கொள்ளுப்பேரன்கள் கியூவுக்குப் போனால் எந்த எண்ணைச் சொல்லித் தேடுவார்கள்?

எதிர்த்தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலுக்கள் அந்த மலையடியில் இறந்தார்கள். தங்கள் நாட்டுக்குள் நுழைந்த படையை எதிர்த்து, தங்கள் மண்ணில். அவர்களுடைய நினைவு வாய்மொழிப் பாடல்களிலும் குலப் புகழ்ச்சிகளிலும் தங்கியிருக்கிறது. ரெஜிமெண்டின் பெயர், வயதுக் குழு, தலைவன், எல்லாம் அதில் உண்டு. 24ஆம் ரெஜிமெண்டுக்கு அங்கே பல ஆண்டுகளாக நினைவுக்கற்கள் நின்றன. ஜூலு வீரர்களுக்கு, வீரக் கழுத்தணியின் வடிவில் வெண்கல நினைவுச்சின்னம் வந்தது 1999இல்தான்.

எங்களவர்களும் இந்தத் தாள்களில் ஓரமாக இருக்கிறார்கள். 1899இல் காந்தி அமைத்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கொலென்சோவிலிருந்தும் ஸ்பியான் காப்பிலிருந்தும் காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களை டோலியில் சுமந்தார்கள். பதக்கம் கிடைத்தது தலைவர்கள் 37 பேருக்கு. அதே போருக்கு இந்தியாவிலிருந்து படையோடு வந்த தண்ணீர் சுமப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் டோலி தூக்குபவர்களுக்கும் பதக்கம் கொடுத்தார்கள், ஆனால் வெண்கலத்தில். சிப்பாய்க்கு வெள்ளி.

கணக்கர் ஐயாவிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பதிவேடுகளில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். 1860 நவம்பர் 16இல் வந்த முதல் கப்பலான டிரூரோவிலிருந்து 1911 வரை 1,52,184 பேர். கூலி கொடுக்கவும், ஓடிப்போனால் பிடிக்கவும் எழுதிய பதிவேடுதான் அது. அதை வைத்துத்தான் என் குடும்பத்தின் ஊரையே நான் கண்டுபிடித்தேன்.


பொன்மலைக் கணக்கர் எழுதியது:

டர்பன்வாசி, நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. கியூவில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வெற்றிடம் என்னையும் உறுத்தும். ஒரே போர், ஒரே களம். ஒருவன் பல்லில் சொத்தை இருந்தது வரை தாளில் இருக்கிறது. பக்கத்தில் நின்று செத்தவனுக்குப் பெயரே இல்லை. இதை எழுத்தர்களின் சோம்பல் என்று நான் கொள்ளவில்லை. யாருடைய குடும்பத்துக்குப் பாக்கி கொடுக்க வேண்டும் என்று அரசு நினைத்ததோ அவனுடைய பெயரை எழுதிவைத்தது. மற்றவனுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை தனக்கு இருப்பதாகவே அது நினைக்கவில்லை.

வெள்ளையனாகப் பிறந்தும் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அதே உள்நாட்டுப் படையில் கார்ப்பரலாக இருந்த ஷீஸ் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், ரோர்க்ஸ் டிரிஃப்டில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். வேலையில்லாமல் அலைந்து, 1884இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் இறந்து கடலில் அடக்கமானார். ஆனால் அவருக்குப் பெயர் இருக்கிறது, கதை இருக்கிறது. ஆப்பிரிக்கச் சிப்பாய்க்கு அதுவும் இல்லை.


உஸ்க்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நூலகத்தில் பதக்கப் பட்டியலைப் பார்த்துவிட்டேன். எண் அப்படியே பொருந்துகிறது, பெயரும் அதேதான், '1879' பட்டை என்றே இருக்கிறது. அச்செடுத்துக் கொண்டுபோய்ப் பெரியவர் கையில் கொடுத்தேன். அவர் அதை உறவினருக்குத் தொலைபேசியிலேயே வரி வரியாகப் படித்துக் காட்டினார்.

ரோர்க்ஸ் டிரிஃப்ட் விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் எந்தக் கப்பலில் போனார்?" என்று கேட்டார். இப்போது அவருக்கு அதுதான் கவலை. கூடவே ஒரு புதிய செய்தியும் சொன்னார். கொள்ளுத்தாத்தா சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்து, தாயார் மறுமணம் செய்துகொண்டாராம். மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயர் என்னவென்று அவருடைய அத்தை மகளுக்குத் தெரியுமாம், கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

டர்பன்வாசி எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பிரெக்கன் தேவாலயத்தில் ரெஜிமெண்டின் கொடியைப் பலமுறை பார்த்திருப்பதாகவும், உள்நாட்டுப் படையைப் பற்றி இதுவரை யாரும் தனக்குச் சொன்னதில்லை என்றும் சொன்னார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

கணக்கர் ஐயா, அடுத்த மாதம் லண்டன் வருகிறேன். கியூவில் ஊதியப் பட்டியலைப் பார்க்க என்ன செய்ய வேண்டும்? எந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும்?


பொன்மலைக் கணக்கர் எழுதியது:

நல்ல செய்தி, அம்மா.

வாசகர் அட்டை வேண்டும். இலவசம்தான். அடையாளச் சான்று ஒன்றும் முகவரிச் சான்று ஒன்றும் கொண்டுவாருங்கள். டபிள்யூ.ஓ. 16இல் 24ஆம் ரெஜிமெண்ட், 2ஆம் பட்டாலியன் என்று காப்பகத்தின் அட்டவணையில் தேடி, வருவதற்கு முன்பே ஆவணத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பேனா உள்ளே கூடாது, பென்சில் மட்டும். கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

1879 ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலாண்டையும், ஏப்ரல் முதல் ஜூன் வரையுள்ள காலாண்டையும் கேளுங்கள். இரண்டும் ஒரே தொகுதியில் இல்லாமல் போகலாம், ஆகவே இரண்டு தொகுதிகளையும் பதிவு செய்யுங்கள். அவர் பெயர் முதன்முதலில் எந்தக் காலாண்டில் வருகிறது, அதற்கு எதிரே குறிப்புப் பத்தியில் டிப்போவிலிருந்து வந்ததாகத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி கிடைத்தால் அந்த வாரத்தில் நேட்டாலுக்கு வந்த படைக்கப்பல்களைச் செய்தித்தாள்களில் தேடலாம். பெரியவரின் கேள்விக்கு விடை அந்த வழியில்தான் வரும்.

அதன் பிறகு 1883, 1884 தொகுதிகள். பட்டாலியன் அப்போது இந்தியாவில் இருந்தது. படையை விட்டு நீங்கியவர்களின் பட்டியல் தனியாக இருந்தால் அதில் பிறந்த ஊர், தொழில், சேர்ந்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும் வைத்து, மாற்றாந்தகப்பனின் பெயரில் டபிள்யூ.ஓ. 97ஐ மறுபடி தேடுங்கள். டபிள்யூ.ஓ. 96 என்ற மிலீஷியா (உள்ளூர்ப் பகுதிநேரப் படை) வரிசையையும் விட்டுவிட வேண்டாம். சுரங்கத்து இளைஞர்கள் பலர் முதலில் ஊர் மிலீஷியாவில் சேர்ந்துவிட்டுத்தான் பட்டாளத்துக்குப் போனார்கள். மன்மத்ஷையர் மிலீஷியாவின் தாள்களும் அங்கே இருக்கின்றன.

வரும் தேதியை இங்கே எழுதுங்கள். தொகுதிகள் கனமானவை, கையெழுத்தும் நெருக்கமானது. நான் கூட உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.